துரு போகட்டும், கருமை இருக்கட்டும்

"அண்ணே, இதைக் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் கொடுக்கணும். அப்பாவுக்கு எண்பது வருது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டலாம்னு இருக்கேன்."

தேக்கா உணவங்காடியில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் நண்பர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேசைமீது வைத்தார். உள்ளே, கிழிந்த பனியன் துணியில் சுற்றி, ஒரு மடக்குச் சவரக்கத்தி. விரித்துப் பார்த்தேன். கத்தியின் முதுகு சாம்பல் நிறம். முகம் முழுக்க மேகம் படர்ந்தமாதிரி கருமை. கழுத்துப் பகுதியில் செம்புள்ளிகளாகத் துரு. பிடி கறுப்புக் கொம்பு. ஒரு பக்கம் பூச்சி அரித்துச் சிறு குழி விழுந்திருந்தது.

நண்பரின் அப்பா சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கடையை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மகன் பொறியாளர், பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில்.

"அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்போ அம்மா இந்த டப்பாவை அலமாரிக்குப் பின்னாடி தள்ளி வெச்சாங்கண்ணே. வந்தவங்களுக்கு அப்பா என்ன வேலை பார்த்தாருன்னு தெரியும். ஆனாலும் கண்ணுல படக்கூடாதுன்னு. இப்ப மாட்டலாம். ஆனா இப்படியே மாட்ட முடியாதில்ல?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான்.

*

பழைய சவரக்கத்திகளைச் சீராக்குவது எனக்குப் பொழுதுபோக்கு. தொடங்கியது சுங்கை ரோடு சந்தையில். 1930களிலிருந்து ஜாலான் புசார் பக்கம் தரையில் விரிப்பு போட்டு நடந்த பழம்பொருள் சந்தை அது. திருடர் சந்தை என்பது அதன் செல்லப்பெயர். 2017 ஜூலை 10ஆம் தேதி மூடினார்கள். மூடுவதற்குப் பல வருஷம் முன்பு அங்கே ஐந்து வெள்ளிக்கு ஒரு கத்தி வாங்கினேன். வீட்டுக்கு வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பிறகு சிறு மோட்டாரில் மாட்டிய துணிச்சக்கரத்தில் காட்டினேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. முகம் பார்த்துத் தலைசீவலாம். ஆனால் விளிம்பில் ஓரிடம் நீலம் பாய்ந்திருந்தது. அது அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

எஃகைக் கடினமாக்கியபின் அதன் நொறுங்கும் குணம் குறைய மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். சவரக்கத்திக்கு அது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ். நீலம் வருவது 300 பாகைக்கு அருகில். அதாவது என் சக்கரத்தின் உராய்வுச் சூட்டில் விளிம்பின் பதம் போய்விட்டது. அந்த இடத்தை எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கழுத்தில் குத்தியிருந்த தயாரிப்பாளர் பெயரும் பாதி தேய்ந்து மறைந்தது. நூறு வருஷம் தாக்குப்பிடித்த ஒன்றை ஒரு மத்தியானத்தில் முடித்துவைத்தேன். கூரும் இல்லை, பெயரும் இல்லை, பளபளப்பு மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் துருவிலேயே இரண்டு வகை உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்று செந்துரு. நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. பஞ்சுபோல நுண்துளை கொண்டது. ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும், உப்பி உதிரும், அடியில் புதிய இரும்பைத் தின்னும். வியர்வையின் உப்பு சேர்ந்தால் ஊசிக்குழிகளாக இறங்கும். இன்னொன்று கருமை. மேக்னடைட் எனப்படும் கறுப்பு ஆக்சைடு அதில் முக்கியமானது. அது அடர்த்தியாக, மெல்லிய தோலாக எஃகோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்காப்பு என்று சொல்ல முடியாது, எண்ணெய் தேவைதான். ஆனால் செந்துருபோல அரித்துக்கொண்டே போவதில்லை. சோப்பு, தண்ணீர், கைப்பிசுக்கு, எண்ணெய் எல்லாம் பட்டுத் துடைத்து, பட்டுத் துடைத்து, பல வருஷத்தில் வருகிற மேற்பூச்சு இது. சேகரிப்பாளர்கள் இதைத்தான் பாட்டினா என்கிறார்கள்.

சிங்கப்பூரில் இந்த வேறுபாட்டுக்கு அர்த்தம் அதிகம். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். கருமையைச் சுரண்டிவிட்டு வெள்ளையாக வைத்த எஃகு, எண்ணெய் பூசாவிட்டால், இரண்டே நாளில் செம்புள்ளி காட்டும்.

கருமையை விட்டுவைப்பது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக்கென ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் அங்கே பழைய செப்புத்திருமேனிகளின் அரிப்பை மின்னாற்பகுப்பு முறையில் நிறுத்தினார். சிலையைத் தின்னுகிற குளோரைடு நோய் போகவேண்டும், சிலையின் வடிவமும் நுட்பமும் கெடக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் சவால். ஐரோப்பாவில் இதே சண்டை கட்டடங்களை வைத்து நடந்தது. பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதிதாக்குகிற வேகத்தைப் பார்த்து வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட கேலிப்பெயர் 'சுரண்டாதே' என்று பொருள்படும். நம் ஊர்க் கோயில்களில் குடமுழுக்குக்கு முன்பு மணல்வீச்சில் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த கதை வாசகர்களுக்குத் தெரியும். அங்கேயும் நோக்கம் நல்லதுதான். சாமிக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்பதுதான்.

*

நண்பரின் கத்திக்கு வருவோம். முதல் வாரம் நான் செய்தது ஒன்றே ஒன்று. தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து ஒற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். துரு எண்ணெய் குடித்து இளகும். பிறகு சத்தே குச்சியைச் சீவித் தட்டையாக்கி, அந்த மூங்கில் முனையால் செம்புள்ளிகளைத் தள்ளினேன். மூங்கில் துருவைவிடக் கொஞ்சம் வலுவானது, கருமையையும் எஃகையும்விட மென்மையானது. அதனால் போகவேண்டியது மட்டும் போகும். வினிகரில் ஊறவைத்தால் ஒரு ராத்திரியில் வேலை முடிந்துவிடும் என்பார்கள். முடியும்தான். ஆனால் அமிலம் துருவோடு நிற்காது, எஃகையும் தின்று சாம்பலாக்கிவிடும்.

பிடியைக் கழற்றவில்லை. பிடியின் இரு தகடுகளையும் கத்தியோடு பிணைப்பது பித்தளை ஆணிகள். தலையைத் தட்டிப் பரப்பி இறுக்கியிருப்பார்கள். ஆணியை அறுத்தால் உள்ளே நன்றாகச் சுத்தம் செய்யலாம். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்பு யாரோ ஒருவர் சுத்தியலால் தட்டிய அந்தத் தலை திரும்ப வராது. ஆட்டம் இல்லாத ஆணியை எதற்கு அறுக்கவேண்டும்? நூலில் எண்ணெய் தோய்த்து இடுக்கில் விட்டு இழுத்தேன். பிடி யானைத்தந்தமாக இருந்திருந்தால் வேறு சிக்கல். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூருக்குள்ளேயே தந்த விற்பனை தடைசெய்யப்பட்டிருக்கிறது. இது எருமைக்கொம்பு. வறண்டு நார் பிரிந்திருந்ததால் மாட்டுக்கால் எண்ணெயில் சில நாள் ஊறப்போட்ட துணியைச் சுற்றிவைத்தேன். பூச்சி அரித்த குழியை அடைக்கவில்லை.

எருமைக்கொம்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. கத்தி என் கைக்கு வந்த தேக்காவே எருமைகளின் பேட்டைதான். 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையோரம் மாட்டு வணிகம் கொழித்தது. எருமைத் தெரு இன்னும் இருக்கிறது. கெர்பாவ் சாலையின் பெயருக்கும் மலாயில் எருமை என்றுதான் பொருள். பழையவர்கள் தேக்காச் சந்தையைச் சொல்லும் 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு எருமைக்கொட்டடி என்று பொருள். ஷெஃபீல்டில் கத்திக்குப் பிடி போட்டவர்களும் ஆசிய எருமைக்கொம்பை வாங்கித்தான் அறுத்தார்கள்.

ஷெஃபீல்டு என்று எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? இரண்டாம் வாரம் கழுத்துப் பகுதி தெளிந்தபோது குத்தெழுத்து தெரிந்தது. தயாரிப்பாளர் பெயர் பாதிக்குமேல் மழுங்கிப்போய்விட்டது. கீழே ஷெஃபீல்டு, அதற்கும் கீழே இங்கிலாந்து. நாட்டின் பெயர் இருப்பது ஒரு துப்பு. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. அதன்பிறகுதான் ஊரோடு நாட்டையும் குத்துவது பரவலாயிற்று. ஆக, இந்தக் கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது.

அடுத்தது எனக்கு மூச்சு நின்ற இடம். கத்தியை விளக்கின்கீழ் சாய்த்துப் பிடித்து எண்ணெயைத் துடைத்தபோது முகத்தின் கருமைக்குள்ளேயே வேறு எழுத்துகள் தெரிந்தன. குத்தெழுத்து இல்லை, அமிலத்தால் பொறித்தது. நகத்தால் தடவினால்கூடத் தெரியாத ஆழம். கறுப்பின்மேல் கொஞ்சம் வெளிர்கறுப்பு. 'சில்வர் ஸ்டீல்'. உப்புத்தாள் பட்டிருந்தால் பத்தே இழுப்பில் போயிருக்கும்.

*

சில்வர் ஸ்டீல் என்றால் வெள்ளி எஃகு. இந்தப் பெயரின் கதை தமிழகத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது.

தென்னிந்தியாவில் மண்மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கி எஃகு செய்தார்கள். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்த மூசைக் குவியலும் இதற்குச் சான்றுகள். சேலம், மைசூர், தெலங்கானா என்று பல இடங்களில் இந்தத் தொழில் இருந்தது. நாம் உருக்கு என்கிறோம், கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. ஐரோப்பியர் வாயில் அது 'வூட்ஸ்' ஆயிற்று.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இந்த எஃகின் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மாதிரிகளை அடித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட். அறுவைக்கருவியும் சவரக்கத்தியும் செய்கிற லண்டன் கத்திக்காரர். அவருக்கு இந்த எஃகு அவ்வளவு பிடித்துப்போய், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார். அவரோடு சேர்ந்துகொண்டவர் மைக்கேல் ஃபாரடே. ஆம், மின்காந்தத் தூண்டலின் ஃபாரடேதான். 1819இல் ஃபாரடே இந்திய எஃகைப் பகுத்தாய்ந்து எழுதினார். 1820இலும் 1822இலும் ஸ்டோடர்ட்டும் அவரும் எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்த்த சோதனைகளை வெளியிட்டார்கள். இந்திய எஃகின் ரகசியம் அதில் கலந்த ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது அவர்கள் ஊகம். அந்த ஊகம் சரியில்லை, ஆனால் தேடல் வீண்போகவில்லை. வெள்ளியை ஐந்நூறில் ஒரு பங்கு சேர்த்தால் நல்ல எஃகு கிடைப்பதாகக் கண்டார்கள். ஷெஃபீல்டு நிறுவனம் ஒன்று அதைத் தொழிலாக எடுத்துச் செய்தது. ஃபாரடே தம் கலப்பெஃகில் சவரக்கத்திகள் செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். இன்றைய கலப்பெஃகு ஆய்வின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று இது.

வெள்ளி எஃகு என்ற பெயர் சந்தையில் ஒட்டிக்கொண்டது. பிற்காலக் கத்திகளில் பெரும்பாலும் அது வெறும் விற்பனைப் பெயர், வெள்ளி இருக்காது. நண்பரின் கத்தியிலும் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தால், தென்னிந்திய மூசை எஃகைப் புரிந்துகொள்ள முயன்ற இரண்டு பேரின் மேசையில் வந்து நிற்கிறது.

இன்னொரு இழையும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது அங்கே உருகி, அந்த இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. ஆலை நிலைக்கவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலையுயர்ந்த சுவீடன் இரும்பை மட்டும் நம்பியிருந்த ஷெஃபீல்டுக்கு அது பெரும் லாபம். ஹீத்துக்கோ பல வருஷ வழக்குதான் மிச்சம். 1851இல் நொடித்த நிலையில் இறந்தார். அந்த ஊரில் அதன்பிறகு உருகிய எஃகு எதை எடுத்தாலும் பரங்கிப்பேட்டையில் தோற்றுப்போன ஒருவரின் அறிவு அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

*

கத்தியின் கதை இப்படி. கத்தியைப் பிடித்தவர்களின் கதை?

இங்கிலாந்தில் முடிதிருத்துவோரும் அறுவை செய்வோரும் 1540 முதல் ஒரே சங்கம். மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் இணைத்தார்கள். 1745இல் அறுவை மருத்துவர்கள் பிரிந்துபோனார்கள். போனவர்கள் மேலே ஏறினார்கள், சவரக்கத்தியோடு நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நம் பக்கமும் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள் உண்டு. கட்டி கீறுவது, காயத்துக்கு மருந்து போடுவது, அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலையாக இருந்தது. பிறந்த குழந்தையைக் கையில் வாங்குவதும், மொட்டை போடுவதும், கடைசிக் காரியம்வரை கூட நிற்பதும் அவர்கள். ஊர் அவர்களில்லாமல் பிறக்கவும் முடியாது சாகவும் முடியாது. ஆனால் திண்ணைக்கு மேலே ஏறமுடியாது. கூலியும் காசாக இல்லை, அறுவடைக்கு அறுவடை நெல்லாக வரும். அதேசமயம், அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய அதே ஊர், தலித்துகளுக்கு அவர்கள் கத்தி படக்கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தது. இன்றைக்கும் சில ஊர்களில் அந்தச் செய்தி வருகிறது.

கடல் தாண்டியபோது இதில் ஒன்று மாறியது. இங்கே தெருவில் கடை, கடையில் நாற்காலி, சுவரில் விலைப்பலகை. துறைமுகத் தொழிலாளி, தோட்டி, குமாஸ்தா, முதலாளி யாராக இருந்தாலும் அதே நாற்காலி, அதே விலை. சாதி ஒரேயடியாகக் கப்பலிலிருந்து குதித்துச் செத்துப்போனது என்று நான் சொல்லமாட்டேன். பிஸ்கட் டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளிய கை அதற்குச் சாட்சி. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பின்வாசலில் குந்திய ஒருவர் தன் கடைக்குத் தானே முன்வாசல் வைத்தது சின்ன மாற்றம் இல்லை.

அந்தக் கடைகளிலிருந்து மடக்குக் கத்தி மறைந்ததற்கும் வரலாறு இருக்கிறது. முதல் அடி ஜில்லெட். 1903இல் அவர் விற்றது 51 சவரக்கருவிகளும் 168 பிளேடுகளும்தான். அடுத்த வருஷமே கருவிகள் 90,000ஐத் தாண்டின. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஆண்கள் வீட்டிலேயே மழித்துக்கொள்ளப் பழகினார்கள். இரண்டாவது அடி நோய் பற்றிய அச்சம். சிங்கப்பூரில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1985இல். ஒரே கத்தி பல கன்னங்களில் படுவது இனி நடக்காது என்றாயிற்று. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. ஆளுக்கு ஒரு பிளேடு, முடிந்ததும் குப்பை. நல்ல மாற்றம்தான். ஆனால் அதோடு தீட்டுக்கல்லும் தோல்வாரும் கடையிலிருந்து வெளியேறின. தீட்டத் தெரிந்த கையும் தேவையில்லாமல் போயிற்று.

*

மூன்றாம் வாரம் பெரியவரைப் பார்க்க அவர்களுடைய வீவக வீட்டுக்குப் போனேன். மகன் வேலைக்குப் போயிருந்தார். கத்தியை மேசையில் விரித்துவைத்தேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தொடவில்லை.

"பரவால்லியே. துரு எடுத்துட்டீங்க."

"கறுப்பை எடுக்கலைங்கய்யா. மகன் பளபளப்பா கேட்டாரு. எனக்குத்தான் மனசு வரலை."

"அத எடுத்தா அப்புறம் என்ன இருக்கு?" என்றார். பிறகு கையில் எடுத்தார். கட்டைவிரல் தானாகவே கழுத்தின் அடியில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தில்தான் கருமை மற்ற இடத்தைவிட அடர்த்தி. நான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த கறைக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்டேன். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது விளிம்பும் முதுகும் சேர்ந்தே கல்லில் படும். முதுகுதான் கோணத்தை நிர்ணயிக்கிறது. அதனால் விளிம்பு தேயத் தேய முதுகும் தட்டையாகத் தேயும். இந்தக் கத்தியில் அந்தத் தேய்மானம் நுனிப்பக்கம் ஒருபுறம் மட்டும் அகலமாக இருந்தது. "ஏன் இப்படிங்கய்யா?"

"அது எங்கப்பா கை தம்பி. அவரு வெச்சிருந்தது ஒடஞ்ச கல்லு. பாதிக் கல்லுதான். அதுல மூலைக்கு மூலை இழுப்பாரு. நுனிக்கு வரும்போது ஒரு அழுத்து அழுத்துவாரு. நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், வேற கல்லு வாங்கலாம்னு. கேக்கமாட்டாரு."

அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தவர். 1926இலிருந்து 1973வரை தமிழர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏற்றி இறக்கிய கப்பல் அது. 1953இல் குடியேற்றக் கட்டுப்பாடுகள் இறுகுவதற்கு முன்பே வந்துவிட்டார். இடுப்பில் அடைப்பப் பை. அதில் இந்தக் கத்தி, கத்தரி, சீப்பு, படிகாரக்கல், அந்தப் பாதிக் கல். முதலில் ஐந்தடி நடைபாதையில் ஒரு முக்காலி, பிறகு பங்குக்கு ஒரு கடை, பிறகு சொந்தக் கடை. கத்தி அதற்குமுன் யாரிடம் இருந்தது என்று பெரியவருக்குத் தெரியாது.

"நான் இதுல கத்துக்கிட்டது பதினாலு வயசுல. மொதல்ல என் முழங்கால்ல. அப்புறம் அப்பா தாடையில. வெட்டுப்பட்டா அடி விழும். அவரு முகத்துல நான் மூணு வெட்டு போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவ இத ஒளிச்சு வெச்சது எனக்குத் தெரியும் தம்பி. நான் ஒண்ணும் சொல்லல. பொண்ணோட வாழ்க்கையில்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கீழே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

*

அன்று திரும்பும்போது தேக்காவில் இறங்கி நடந்தேன். லிட்டில் இந்தியா 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. நகர மறுசீரமைப்பு ஆணையம் கடைவீடுகளுக்கு மூன்று கொள்கைகள் வைத்திருக்கிறது: இயன்றவரை தக்கவைப்பது, நுணுக்கமாக மீட்டெடுப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது. இந்த வரிசை முக்கியம். தக்கவைப்பதுதான் முதலில். ஒரு சவரக்கத்திக்கும் இதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

ஆனால் கட்டடத்துக்குப் பொருந்திய கொள்கை அதற்குள் இருந்த கைகளுக்குப் பொருந்தவில்லை. முகப்பு நிற்கிறது, சன்னல் சட்டங்கள் நிற்கின்றன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. சேவைத் துறைக்கான வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்து முடிதிருத்துவோரை வரவழைக்க வழியில்லாமல் இருந்தது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், போகவேண்டும் என்றுதான் அப்பாக்களும் விரும்பினார்கள். கெர்பாவ் சாலையில் டான் டெங் நியாவின் 1900ஆம் ஆண்டு வீடு வானவில் வண்ணங்களில் மின்னுகிறது. அந்த வண்ணங்கள் பிற்காலத்தவை. அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ளாத சுற்றுலாப்பயணி இல்லை. எனக்கும் அந்த வீடு பிடிக்கும். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்தபோது, என் மோட்டார் சக்கரத்தில் மின்னிய அந்த ஐந்து வெள்ளிக் கத்தி ஞாபகம் வந்தது.

நண்பர் கேட்ட பளபளப்பில் தப்பு ஒன்றுமில்லை. அப்பாவின் தொழிலை ஹாலில் மாட்டவேண்டும் என்று நினைக்கிற மகன் அவர். ஆனால் பளபளப்பாக்கினால் மாட்டுவது வேறொரு கத்தியாக இருக்கும். கடையில் அப்போதுதான் வாங்கிய, யார் கன்னத்திலும் படாத, யார் கட்டைவிரலும் அறியாத கத்தி. பாதிக் கல்லும் இருக்காது, அடி வாங்கிய பதினாலு வயதுப் பையனும் இருக்கமாட்டான். எந்தக் கறைக்காக அம்மா அந்த டப்பாவை ஒளித்தாரோ, அந்தக் கறையை நானும் ஒருமுறை ஒளித்ததாக ஆகும். அலமாரிக்குப் பின்னால் தள்ளுவதற்குப் பதிலாக உப்புத்தாளால்.

இதை நண்பரிடம் இப்படியெல்லாம் சொல்லவில்லை. விளக்கின்கீழ் கத்தியைச் சாய்த்து 'சில்வர் ஸ்டீல்' எழுத்தைக் காட்டினேன். முதுகின் தேய்மானத்தைக் காட்டி அவருடைய தாத்தாவின் பாதிக் கல்லைப் பற்றிச் சொன்னேன். கழுத்தடிக் கறையில் அவர் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"சரிண்ணே. இப்படியே இருக்கட்டும்."

கடைசி வேலை விளிம்பு. அதைத் தொடுவதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரியவரிடமே கேட்டேன். "கத்தின்னா வெட்டணும் தம்பி. வெட்டாததுக்குப் பேரு தகடு" என்றார். முதுகின் தேய்மானம் மேலும் மாறாமலிருக்க அதன்மேல் ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டிக்கொண்டேன். ஆயிரம் இலக்கக் கல்லில் விளிம்பைச் சமப்படுத்தி, நாலாயிரம், எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று மெல்லிய கற்களுக்குப் போனேன். பிறகு துணியில், தோலில். விளிம்பில் ஒரு மயிரிழை அளவுக்கு வெள்ளைக்கோடு. அதற்குமேல் எல்லாம் பழைய கறுப்பு.

பிறந்தநாளன்று சட்டத்தில் மாட்டுவதற்கு முன்பு பெரியவர் கத்தியைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் முன்னும் பின்னும் நாலு இழுப்பு இழுத்தார், தோல்வாரில் இழுப்பதுபோல. முன்கையில் ஒரு சின்ன இடத்தில் வைத்து லேசாக நகர்த்தினார். நரைமயிர் உதிர்ந்தது. பேரனைக் கூப்பிட்டுத் தாடையைக் காட்டச் சொன்னார். பையன் பயந்து பின்வாங்க, வீடே சிரித்தது.

கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, மடக்கி என்னிடம் கொடுத்தார். "மாசத்துக்கு ஒருதடவ எண்ண போடச் சொல்லுங்க இவன்கிட்ட. இல்லாட்டி துரு வந்துரும்."